யாருட்டயும் சொல்லப்பிடாத எண்

ஒலுஃபுஷி என்றொரு தீவு. ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறு கரையில் இருப்பவர் என்னவென்று கேட்கிற அளவுதான் அதன் அகலம். அங்கே யார் வீட்டில் என்ன மீன் கொதிக்கிறது என்பது மற்ற எல்லா வீட்டுக்கும் தெரியும், யார் யாரோடு பேசுவதில்லை என்பது மீன் கொதிப்பதற்கு முன்பே தெரியும். அப்படிப்பட்ட தீவுக்குத்தான், மாலத்தீவின் தலைநகரில் விமானம் இறங்கி, அங்கிருந்து படகு ஏறி, படகில் வாந்தி எடுத்து, கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்நகரிலிருந்து எமீமா டீச்சர் கணக்குப் பாடம் நடத்த வந்து சேர்ந்தாள். ஒரு பெட்டியும் ஒரு மிக்ஸியும் இரண்டு சிம் போடுகிற கைபேசியும் கொண்டுவந்தாள். சந்தேகத்தைத் தனியாகக் கட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கவில்லை, அது அவளோடு கூடப் பிறந்தது. இரவல் போன குடை திரும்பி வந்தால்கூட, இது நம் குடைதானா என்று விரித்துப் பார்த்துவிட்டுத்தான் மூலையில் வைப்பாள்.

முதலில் அந்த ஊர்ச் சுவர் அவளை ஏற்கவில்லை. மிக்ஸியின் பிளக்குக்கு உருண்டையான மூன்று கால்கள், சுவரில் சதுரமான மூன்று ஓட்டைகள். ஒன்றுக்குள் ஒன்று போகாது. வீட்டுக்காரி ஸகியா எங்கிருந்தோ ஒரு அடாப்டர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் போட்டதும் மிக்ஸி ஒரு முறை உறுமி, கொஞ்சம் புகை விட்டு, அதோடு அடங்கிப் போனது. இவள் கொடுத்த சாமானா, கொடுத்த மனசா எது சரியில்லை என்று எமீமா அன்று முழுக்க யோசித்தாள். வாஷிங் மெஷினில் பொத்தான்கள் எல்லாம் சீன எழுத்தில் இருந்தன. ஏதோ ஒன்றை அமுக்கினால் புடவைகளை உள்ளே வாங்கிக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரும் விடாமல் துணியையும் விடாமல், சாயங்காலம் வரை சும்மா இருந்துவிட்டு, திடீரென்று ஒரு பாட்டுப் பாடித் திறந்தது. துணி நனையவே இல்லை. மூலையில் தொங்கிய இணையப் பெட்டியோ, ஸகியா வந்து நின்றால் பச்சையும் எமீமா வந்து நின்றால் சிவப்புமாக எரிந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கைபேசிதான் கழுத்தை அறுத்தது. முதல் பொந்தில் தீவுக் கடையில் வாங்கிய புது சிம், அது பேசியது. இரண்டாவது பொந்தில் ஊர் சிம். அதன் தலைமேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி விழுந்து கிடந்தது. வெளிநாட்டிலும் வேலை செய்யும் என்று திங்கள்நகர் கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லித்தான் அனுப்பினார். எமீமாவின் வங்கி, கேஸ் சிலிண்டர், ஆதார், வீட்டு மின்சாரம், வருங்கால வைப்பு நிதி, எல்லாம் அந்த எண்ணில்தான் கட்டிப் போடப்பட்டிருந்தன, எதைத் தொட்டாலும் அந்த எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், ஆறு இலக்கம், போடுங்கள் என்றது, எதுவும் வந்தபாடில்லை. வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லி, முக்கியம் என்கிற சொல்லின் மேலேயே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்த பிறகு, ஒரு பெண் எடுத்தாள்.

"ஓடிபி வரலைன்னு புகார் குடுக்கணும்மா."

"கண்டிப்பா மேடம். நீங்கதான்னு உறுதிப்படுத்த உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருக்கேன், சொல்லுங்க மேடம்."

"அது வரலைன்னு சொல்லத்தானே கூப்பிட்டிருக்கேன்?"

"புரியுது மேடம். வரலைன்னு பதிவு பண்ணத்தான் அந்த ஓடிபி கேக்குறேன் மேடம்."

எமீமா வைத்துவிட்டாள். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பதில் சொல்லியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பாள்.

அதற்கு மறுநாள் காலையில் நடந்தது இது. ஸகியா தன் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மாவில் தேங்காய்ப் பூவும் மீனும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தாள். எமீமா கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஸகியா மாவிலிருந்து கையை எடுக்காமலேயே, யாரையும் பார்க்காமல், தெளிவான தமிழில் சொன்னாள்: "நாலு, ஒம்மோது, ரெண்டு, ஏழு, ஒண்ணு, ஒம்மோது. யாருட்டயும் சொல்லப்பிடாது."

சொல்லிவிட்டு நாக்கை ஒரு தரம் சப்புக்கொட்டிப் பார்த்தாள், கையைக் கழுவினாள், கிணற்றடிக்கு வந்தாள். அவள் தன் தாயின் வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரத்தில் வெகுநாள் கிடந்தவள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பொறுக்கிய மலையாளத்தை வைத்துத்தான் எமீமாவோடு பேச்சு, எல்லைப்புறத்துக்காரியான எமீமாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"டீச்சரே, இது உங்களுக்கு உள்ளதல்லோ? தமிழில் வந்தது. இந்த ஊரில் தமிழ் வேறு யாருக்கு வரும்?" என்றாள்.

எமீமா பாதி அரிசியைக் கிணற்றடியில் கொட்டிவிட்டாள். அதிசயம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இவள் எப்போது என் ஃபோனை எடுத்துப் பார்த்தாள் என்றுதான் தோன்றியது.

அன்று தொடங்கியது, பிறகு ஓயவில்லை. தலைமையாசிரியர் நிஷாத் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சுத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவில் ஆறு எண்களைத் தமிழில் சொல்லி, யாருட்டயும் சொல்லப்பிடாது என்று முடித்து, விட்ட இடத்திலிருந்து நகம் வெட்டுவதைப் பற்றித் தொடர்ந்தார். ஐஸ் உடைக்கிறவர் ஐஸ் உடைக்கும்போது சொன்னார். படகுக்காரர் கயிறு கட்டும்போது சொன்னார். ஊசி போட வந்த நர்ஸ், ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டே சொல்ல, ஊசிக்குக் காத்திருந்தவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு சட்டைக் கையை இறக்காமலேயே டீச்சர் வீட்டுக்கு ஓடி வந்தார். இப்படிப்பட்ட எண்கள் சில நிமிடங்களில் செத்துப்போகும் என்று நிஷாத் எல்லோருக்கும் விளக்கியிருந்தார், அதனால் நாக்கில் எண் இறங்கியவர் யாராயிருந்தாலும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், சைக்கிள் வைத்திருப்பவர் கேட்காமலே சைக்கிளைக் கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. கோல் காக்கிறவனுக்கு ஆட்டத்தின் நடுவில் எண் வந்து, அவன் வாயைத் திறந்த நேரத்தில் எதிர் அணிக்காரன் பந்தை உள்ளே தள்ளிவிட, பெரிய சண்டையாகி, டீச்சரின் எண் வருகிற நேரத்தில் விழுகிற கோல் செல்லாது என்று தீவு முழுக்கக் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை ஏன் வருகிறது என்றும் அவர்கள் கேட்டதில்லை.

ஆனால் எதற்கு வருகிறது என்று கேட்டார்கள். டீச்சருக்கு இத்தனை ரகசிய எண் எதற்கு? அவள் ஊரில் ஏதோ பெட்டகம் இருக்கிறது, அதைத் திறக்கிற எண் என்றார்கள் சிலர். இவள் டீச்சரே இல்லை, வேறு ஏதோ வேலையாக வந்தவள் என்றார்கள் சிலர். அவள் கடற்கரையில் நடந்தால், எதை எண்ணுகிறாள் என்று பின்னால் இரண்டு பேர் நடந்தார்கள். யாருட்டயும் சொல்லப்பிடாது என்பது தமிழர்கள் விடைபெறும்போது சொல்லுகிற மரியாதை வார்த்தை என்று எப்படியோ முடிவாகி, கடைக்குப் போனால் கடைக்காரர் சாமானைப் பையில் போட்டுக் கொடுத்து, நெஞ்சில் கைவைத்து, "யாருட்டயும் சொல்லப்பிடாது" என்றார். எமீமா மிச்சக் காசை வாங்காமலே திரும்பி நடந்தாள்.

அவள் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் இதைவிட மோசம். அவள் கேட்கிற எண் ஒன்றுகூட வரவில்லை. வங்கிப் பக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் தீவில் ஒரு வாயும் திறக்காது. அவள் கேட்காத நேரத்தில், சோற்றை வாயில் வைக்கும்போது, யாராவது மூச்சிரைக்க ஓடிவந்து ஒரு எண்ணை நீட்டினார்கள். அதை வங்கியில் போட்டால் தவறு என்றது, கேஸில் போட்டால் தவறு என்றது. அப்படியானால் இது எதன் பூட்டு? யாரோ எங்கோ என் எண்ணை வைத்து எதையோ திறக்கப் பார்க்கிறார்கள், இந்த ஊர்க்காரர்கள் அதற்குக் கூட்டு. மாமியாருக்கும் சித்திக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நாக்கு வறளச் சொல்லிக்கொடுத்தவள் அவள்; இன்றைக்கு அவளுடைய ஓடிபி ஐஸ் கடையில் கிடக்கிறது.

ஸகியா அடுத்த எண்ணோடு வந்து நின்றபோது எமீமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க உங்க ஜோலியப் பாத்துட்டுப் போங்க!" என்று கத்தி, கதவைச் சாத்தினாள்.

இங்கேதான் ஒரு சொல் காலை வாரிவிட்டது. ஜோலி என்றால் திங்கள்நகரில் வேலை. ஒலுஃபுஷியில் ஜோலி என்றால் இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய நாற்காலி. வாசலிலும் தெருமுனையிலும் வரிசையாகப் போட்டு, வேலை எதுவும் இல்லாதவர்கள் அதில் சாய்ந்து கிடப்பார்கள். வந்த புதிதில் உங்கள் வீட்டுக்காரர் ஆதம் எங்கே என்று எமீமா கேட்டதற்கு, அவர் எப்போதும் ஜோலியில்தான் என்றாள் ஸகியா. எவ்வளவு உழைப்பாளி என்று எமீமா மதிப்பு வைத்திருந்தாள், தெருமுனையில் அவர் வலைக்குள் காலை நீட்டிக் கொட்டைப்பாக்கு மென்றுகொண்டு கிடப்பதைப் பார்க்கும் வரை.

ஸகியா மூடிய கதவின் முன்னால் நின்று யோசித்தாள். உங்கள் ஜோலியைப் பாருங்கள் என்கிறாள் டீச்சர். பாவம், பார்த்தால் அவள் வாசலில் ஒரு ஜோலிகூட இல்லை. வந்தவர்களை உட்காரச் சொல்ல ஒரு இடம் இல்லாமல்தான் இந்தப் பெண்பிள்ளை இவ்வளவு நாளும் எரிந்து விழுந்திருக்கிறாள். நமக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

மறுநாள் எமீமா பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, சீமைப்பலா மரத்தடியில், அவள் வாசலுக்கு நேராக, ஒரே சட்டத்தில் ஏழெட்டுப் பேர் உட்காருகிற புத்தம்புது ஜோலி நின்றது. அதில் முதல் ஆளாக ஆதம் கிடந்தார். போகச் சொன்ன சொல்லைக் கேட்டுத் தெரு முழுக்க அவள் வாசலுக்குக் குடிவந்துவிட்டது. இனி எண் வந்தால் ஓட வேண்டியதில்லை, இங்கேயே இருந்து வாங்கி இங்கேயே கொடுத்துவிடலாம் என்பதில் எல்லோருக்கும் நிம்மதி. எமீமாவைப் பார்த்ததும் வரிசையாக நெஞ்சில் கைவைத்து, "யாருட்டயும் சொல்லப்பிடாது" என்றார்கள்.

அவள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊருக்குக் கூப்பிட்டாள். புருஷன் செல்வின் எடுத்தான். டயர்க் கடை வைத்திருப்பவன், எதையும் சுருக்கமாகச் சொல்லி வைத்துவிடுகிறவன்.

"இஞ்ச பாருங்க, என் நம்பர வச்சி அங்க யாரு என்ன செய்யுதிய?"

"நான் என்னத்த செய்ய? எனக்கு வாற ஓடிபியே நீதான வாசிச்சுத் தருவ."

"பின்ன யாருக்குத் தெரியும் என் நம்பரு? ஒங்க தங்கச்சிக்குக் குடுத்தியளா?"

"எமீ, சும்மா கெடக்கவள இழுக்காத."

"ஷெர்லின் எங்க?"

அங்கேதான் செல்வின் கொஞ்சம் தயங்கினான். "உள்ள இருந்து படிக்கா."

"கூப்பிடுங்க."

"கூப்பிட்டா வருவாளா? ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அவளுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள், அம்மா ஊரைவிட்டு வந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் நாற்காலியின் முதுகு தெரியும், சில நாள் பின்னலின் நுனி தெரியும், முகம் தெரியாது. வேலை நிச்சயமானபோது எமீமா புருஷனிடம் சொன்னாள், அக்காளிடம் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர்களிடம் சொன்னாள், ஒவ்வொருவரிடமும் சொல்லி முடித்துவிட்டு, "யாருட்டயும் சொல்லப்பிடாது, புள்ளைக்குப் பரீட்சை முடியட்டு" என்றாள். யாருட்டயும் சொல்லப்பிடாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த விஷயம், ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் எவளோ ஒருத்தி, ஒங்கம்மை மாலத்தீவுக்குப் போறாளாமே மக்ளே என்று கேட்டுத்தான் ஷெர்லினுக்குத் தெரியவந்தது. அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வாயை மூடிக்கொண்டாள். விமான நிலையத்தில் காரைவிட்டு இறங்கவில்லை.

பணம் போனால் போகட்டும், எவனும் எந்தப் பூட்டையும் திறந்து எடுத்துக்கொள்ளட்டும், இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று எமீமாவுக்குத் தோன்றியது. தோன்றிய அடுத்த நொடியே, செல்வின் எதற்குத் தயங்கினான் என்ற சந்தேகம் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஏதோ மறைக்கிறான். அவளுக்கு ஒளித்து ஒன்று நடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவளிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். எப்போது யார் நாக்கில் எண் இறங்கும் என்று தெரியாது, இறங்கினால் அரைகுறையாகச் சொல்லி டீச்சருக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாது, அதனால் தமிழ் எண்களை ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும். எமீமாவுக்கு இதிலும் சந்தேகம்தான், எங்கள் எண்ணை எங்கள் பாஷையிலேயே திருடப் பார்க்கிறார்களோ என்று. ஆனால் படிக்க வேண்டும் என்று ஒரு வகுப்பே கேட்கும்போது இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. பலகையில் எழுதி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லிக்கொண்டே போனாள். பிள்ளைகள் கூடச் சொன்னார்கள்.

"ஒம்பது."

"ஒம்பது" என்றது வகுப்பு, ஒரு பிசிறு இல்லாமல்.

"இன்னொரு தரம்."

"ஒம்பது!"

அப்போது நடு வரிசையில் நஷ்வா என்கிற பெண் எழுந்து நின்றாள். அவள்தான் எல்லோரையும்விட அழகாகச் சொன்னவள். கண்ணை ஒரு தரம் சிமிட்டிவிட்டு, "ஒம்மோது, மூணு, ஒம்மோது, எட்டு, ரெண்டு, ஒம்மோது. யாருட்டயும் சொல்லப்பிடாது" என்றாள்.

"ஒம்மோது இல்ல, ஒம்பது" என்று எமீமாவின் வாய் தானாகத் திருத்தியது.

திருத்திய சொல் அவள் காதிலேயே விழுந்தது. இதே சொல்லை, இதே கண்டிப்போடு, வேறொரு இடத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். திங்கள்நகர் வீட்டு அடுக்களைத் தரையில், உரித்த பட்டாணியை எண்ணிக்கொண்டு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பாள். ஏழு, எட்டு, ஒம்மோது என்பாள். ஒம்மோது இல்ல மக்ளே, ஒம்பது, கணக்கு டீச்சர் வீட்டுப் புள்ளை இப்படிச் சொல்லலாமா என்று எமீமா கரண்டியும் கையுமாகத் திரும்புவாள். எத்தனை திருத்தியும் அந்த ஒரு எண் மட்டும் அந்த வாயில் திருந்தவில்லை. பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள் என்று ஒரு நாள் தானாகவே நிறுத்திக்கொண்டாள், பிறகு வீட்டில்கூட அவள் ஒன்பதைச் சத்தமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஸகியா சொன்னதும் ஒம்மோது. நிஷாத் சொன்னதும் ஒம்மோது. வேற்றுப் பாஷைக்காரர்களின் நாக்கு என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். ஒம்பது என்று நன்றாகச் சொல்லத் தெரிந்த நாக்கு, எண் வந்து இறங்குகிறபோது மட்டும் ஒம்மோது என்கிறது. எமீமா பலகையில் எழுதியிருந்த ஒன்பதைக் கையாலேயே அழித்தாள். சாயங்காலம் வரை அவள் என்ன பாடம் நடத்தினாள் என்று கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், ஜோலி நிறைய ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல், அவர்கள் நடுவிலேயே போய் நின்று ஊருக்குக் கூப்பிட்டாள். உள்ளே போனால் இணையப் பெட்டி சிவப்பு காட்டும். ஸகியா இருக்கிற இடத்தில்தான் ஒழுங்காகப் பேசும்.

"ஷெர்லின் என்ன செய்யா?" என்றாள், வணக்கம் இல்லை வரவேற்பு இல்லை.

"படி..."

"பொய் சொல்லாண்டாம். கையில என்ன வச்சிருக்கா?"

செல்வின் மூச்சுவிடுவது கேட்டது. "என் பழைய ஃபோனு. நீ குடுக்கப்பிடாதுன்னு சொன்னத குடுத்துட்டேன், சரியா? ஒரே எடத்துல இருந்து அதையே அமுக்கிட்டிருந்தா. என்ன செய்யுதன்னு கேட்டா மொறைக்கா. நீ போனதுல இருந்து அவ மொகத்த என்னால பாக்க முடியல்ல எமீ."

இதுதான் அவன் மறைத்தது. எமீமாவுக்குக் கோபம் வரவில்லை. "ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு அவ ரூம் வாசல்ல வைங்க. வச்சிட்டு ஒண்ணும் பேசாண்டாம்" என்றாள்.

காத்திருந்தாள். ஜோலியில் இருந்தவர்களுக்கு விஷயம் புரியவில்லை, ஆனாலும் யாரும் பாக்குக் கடிக்கவில்லை. ஆதம்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். வருமா என்று எமீமா ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். இவ்வளவு நாளும் எந்த வாய்களைப் பார்த்துப் பயந்தாளோ அதே வாய்களை, தயவுசெய்து யாராவது திறங்களேன் என்று பார்த்தாள். ஸகியா கொட்டாவி விட்டாள். எமீமா அவள் பக்கம் பாய்ந்தாள், வெறும் கொட்டாவிதான்.

பிறகு ஸகியா வாயிலிருந்த பாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அஞ்சு, ஒம்மோது, ஆறு, ஒண்ணு, ஒம்மோது, மூணு. யாருட்டயும் சொல்லப்பிடாது."

எமீமா கைபேசியை வாயருகே கொண்டுபோனாள். வாழ்நாளெல்லாம் யாருக்கும் சொல்லாதே என்று போதித்தவள், தெரு முழுக்கக் கேட்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அஞ்சு. ஒம்மோது. ஆறு. ஒண்ணு. ஒம்மோது. மூணு."

திங்கள்நகரில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. கட்டில் கிரீச்சிட்டது. காலடி வந்து கதவருகே நின்றது.

"தொறந்துட்டு" என்றது ஒரு குரல்.

எமீமா கைபேசியைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். "எது மக்ளே தொறந்துட்டு?"

"ஆப்பு. செடி விக்கிற ஆப்பு. எதுவா இருந்தா என்ன, நம்பர் கேட்டுது, ஒங்க நம்பரக் குடுத்தேன். அமுக்கினா ஒங்க ஃபோனுக்குப் போவும்லா. நீங்க எடுத்துப் பாப்பீங்கல்லா. பேசவும் வேண்டாம்."

"வந்துது. எல்லாம் வந்துது மக்ளே. ஒண்ணு விடாம வந்துது."

"ஒம்மோது இல்ல" என்றாள் ஷெர்லின், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒம்பது. நீங்கதான சொல்லித் தந்தீங்க."

"இனி ஒம்மோதுதான்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். ஜோலியில் இருந்த பெண்களும் எதற்கென்று தெரியாமலே கூட அழுதார்கள். பிறகு ஷெர்லின் கேட்டாள், அந்தப் பழைய கோபம் அப்படியே குரலில் இருந்தது: "அத யாருட்டயும் சொல்லப்பிடாதுன்னு போட்டிருக்கும்லா. பின்ன என்னத்துக்கு என்ட்ட சொன்னீங்க?"

"ஒன்ட்டதான் மக்ளே மொதல்ல சொல்லியிருக்கணும்" என்றாள் எமீமா.

அதற்குப் பிறகு அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். மிக்ஸி புகைந்தது, மெஷின் பாடியது, கோல் செல்லாமல் போனது எல்லாம் அம்மா சொல்ல, மகள் முதலில் ம் கொட்டி, பிறகு இடையில் குறுக்கிட்டு, கடைசியில் சிரித்தாள். அன்றிலிருந்து ஒலுஃபுஷியில் ஒரு நாக்கிலும் எண் இறங்கவில்லை. கோல் காக்கிறவன் மட்டும் பந்து வருகிறபோதெல்லாம் கொஞ்ச நாள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபோனை வைத்ததும் ஸகியா பக்கத்தில் வந்து, "என்ன டீச்சரே, திறந்ததா?" என்று கேட்டாள். அந்தத் தீவில் வீட்டு விஷயத்தை யாரிடமும் சொல்லியிராத எமீமா, ஜோலியில் அவளை நகர்ந்துகொள்ளச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டாணியிலிருந்து விமான நிலையக் கார் வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில், "யாருட்டயும் சொல்லப்பிடாது" என்றாள்.

ஸகியா நெஞ்சில் கைவைத்து, "யாருட்டயும் சொல்லப்பிடாது" என்று மரியாதையாகத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுப்பில் அரிசி வேகும் முன்பே தீவு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. எமீமா கதவைச் சாத்தவில்லை.